ஜெஸ்லினின் இடம்

“நான் போறது சரியா மேடம்?”

கோகிலவாணி இதைக் கேட்டபோது நசீமா மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அந்த நாற்காலியில உட்காரு.”

அது ஜெஸ்லின் உட்காரும் நாற்காலி. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். கோகிலா தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தாள்.

“சௌகரியமா இருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்ப எந்திரிக்காதே.”

மேடம் அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கோகிலா காத்திருந்து பார்த்தாள். மணி அடித்த பிறகுதான் எழுந்து போனாள். கேட்டதற்குப் பதில் கிடைத்ததா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தக் கடலோர ஊர்க் கல்லூரியிலிருந்து ஐந்து மாணவர்களை நார்வேக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. குடிமைக் கல்விப் பரிமாற்றப் பயணம் என்று அதற்குப் பெயர். போகிறவர்கள் அங்கே ஒரு நகர மன்றம் நடப்பதைப் பார்ப்பார்கள். பள்ளிகளுக்குப் போவார்கள். அந்த நாட்டு மாணவர்களோடு உட்கார்ந்து மக்களாட்சியைப் பற்றிப் பேசுவார்கள். துணைக்குப் போகிறவர் அரசியல் அறிவியல் துறை நசீமா மேடம். நாற்பது வயதாகவில்லை. அதிகம் பேசமாட்டார்.

யார் போவது என்பதை மாணவர்களே வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். முதலில் வந்தவள் ஜெஸ்லின். கோகிலா ஆறாவது. ஐந்து பேரில் யாராவது போக முடியாமல் போனால் அவள்.

ஆறாவது ஆளும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கான போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டுக்குக் கோகிலாவின் அம்மா காபி கொடுத்தாள். அவர் சுவர் அலமாரியில் இருந்த பரிசுக் கோப்பைகளைப் பார்த்தார். “நல்ல குடும்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெஸ்லின் வீட்டுக்கு அவர் போகவில்லை. அவள் பெயர் ஏற்கெனவே ஸ்டேஷனில் இருந்தது.

ஜெஸ்லினின் வீடு கடலை ஒட்டிய மீனவர் தெருவில் இருந்தது. அந்தத் தெருக் குழாயில் உப்புத் தண்ணீர் வர ஆரம்பித்து மாதக்கணக்காகியிருந்தது. மனு கொடுத்தார்கள். கவுன்சிலரைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெண்கள் காலிக் குடங்களோடு பெரிய ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். “யாராவது ஒரு ஆள் பேசுங்க” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ஜெஸ்லின் எழுந்தாள். வகுப்பில் பேசுவதைப் போலவே பேசினாள். சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

மறியல் வழக்கில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினார்கள்.

அன்று அதே நேரத்தில் கோகிலா வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பு, ‘குடிமக்களின் பங்கேற்பு.’ அதற்குப் பரிசும் வாங்கினாள்.

ஜெஸ்லினுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது என்று தெரிந்ததும் நசீமா மேடம் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தார்.

“நான் என்னம்மா பண்ணட்டும்?” என்றார் முதல்வர். “அதுக்குத்தானே ஆறாவது ஆள் வச்சிருக்கோம்.”

இப்படித்தான் கோகிலாவுக்கு இடம் கிடைத்தது.

அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். பருப்புப் பொடி இடித்து வைத்தாள். கோகிலாவுக்குப் பனியைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்த ஆசையை இப்போது நினைத்தாலே உறுத்தியது. கல்லூரி வாசலில் ஜெஸ்லினைப் பார்த்தால் வேறு பக்கமாகப் போனாள். அப்படி ஒருநாள் ஒளிந்த பிறகுதான் மேடத்திடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பயிற்சி தொடர்ந்து நடந்தது. நசீமா மேடம் எதிரில் உட்கார்ந்து நார்வே மாணவியைப் போலக் கேள்வி கேட்பார். இவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

“உங்க ஊர்ல குடிக்கத் தண்ணி வரலேன்னா என்ன செய்வீங்க?”

கோகிலா தயாராக இருந்தாள். மனு, வார்டு உறுப்பினர், தகவல் அறியும் உரிமை, நீதிமன்றம். தடையில்லாமல் சொல்லி முடித்தாள்.

“நீங்க இதைச் செஞ்சிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

“செஞ்சவங்க யாரையாவது தெரியுமா?”

அறையில் ஐந்து மாணவர்கள் இருந்தார்கள். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“நார்வேல இதையும் கேப்பாங்க,” என்றார் மேடம்.

குளிர் உடுப்புகள் வந்து சேர்ந்த நாளில் அறை கலகலப்பாக இருந்தது. எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த தடித்த கோட்டுகள். மாசி வெயிலில் அவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு வியர்த்து வழிந்தார்கள். பிரதாப் கம்பளித் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு படம் எடுக்கச் சொன்னான்.

நசீமா மேடம் உள்ளே வந்தார்.

“கோட்டெல்லாம் கழட்டி வைங்க. வெளிய போறோம்.”

“எங்க மேடம்?”

“ஸ்டேஷனுக்கு. ஜெஸ்லின் பேரை வழக்குலேருந்து எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கேன். என்னோட வர்றவங்க வரலாம்.”

யாருக்கும் மறுக்க வாய் வரவில்லை. ஐந்து பேரும் போனார்கள்.

ஸ்டேஷன் வாசலில், பிடித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்கள் துருவேறிக் கிடந்தன. உள்ளே ஒரு நீள பெஞ்சு. இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தார்கள். உள்ளறையில் யாரையோ அதட்டுகிற குரல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

வெயில் ஏறியது. முதலில் ஒருத்திக்குத் தலை வலித்தது. அவள் போனாள். இன்னொருத்தியின் அப்பா தொடர்ந்து போன் பண்ணினார். அவளும் போனாள். அவளுக்குத் துணையென்று மற்றொருவன் கிளம்பினான்.

பிரதாப் கோகிலாவின் காதருகே குனிந்தான்.

“இங்க உட்கார்ந்திருக்கறதை யாராவது பாத்தா நம்ம கதையும் முடிஞ்சிடும். வா, போயிடலாம்.”

“மேடம் இருக்காங்களே.”

“மேடத்துக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு?”

அவன் போய்விட்டான்.

பெஞ்சில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

“நீ போகலையா?” என்றார் மேடம்.

“பயமா இருக்கு மேடம்.”

“எனக்கும்தான்.”

கோகிலா திரும்பிப் பார்த்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த மேடத்தின் விரல்கள் வெளுத்திருந்தன.

மதியம் தாண்டி ஒருவர் வந்தார். ஸ்டேஷனில் எழுத்து வேலை எல்லாம் அவர்தான். ரைட்டர் என்று கூப்பிடுவார்கள். மனுவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார்.

“ஐயா இன்னிக்கு வரமாட்டார். வந்தவங்க பேரை மட்டும் குறிச்சுக்கிறேன். சொல்லுங்க.”

“நசீமா பானு. உதவிப் பேராசிரியை.”

அவர் எழுதிக்கொண்டார். பேனா கோகிலாவின் பக்கம் திரும்பியது. அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பேனா நின்றது. அன்று வீட்டுக்கு வந்து காபி குடித்த ஏட்டு அவர்தான்.

“நீ வெளிநாடு போற பொண்ணுல்ல?” குரலைத் தாழ்த்தினார். “உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? எந்திரிச்சு வெளிய போய் நில்லு. நான் உன்னைப் பாக்கலை.”

அதட்டவில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் கோகிலாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வாசல் நாலு எட்டு தூரத்தில் திறந்து கிடந்தது.

அவள் மேடத்தைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு, ஒரு கண் ஜாடை, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று பார்த்தாள்.

மேடம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோகிலவாணி,” என்றாள் அவள். பிறகு அப்பா பெயரையும் சேர்த்து மறுபடி சொன்னாள்.

ரைட்டர் பெருமூச்சு விட்டார். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு எதுவும் சத்தமாக நடக்கவில்லை. முதல்வருக்கு யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். பயணத்துக்கு அவர் தர வேண்டிய நன்னடத்தைச் சான்று கோகிலாவுக்கு மட்டும் வரவில்லை. கேட்கப் போனபோது அவர் கூட்டத்தில் இருந்தார். மறுநாளும் கூட்டத்தில் இருந்தார். நசீமா மேடத்துக்குப் பதிலாக வேறு துறை ஆசிரியர் ஒருவரைத் துணைக்குப் போட்டார்கள்.

வீட்டில் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மா பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து தினமும் சோற்றில் போட்டாள்.

வேன் கிளம்பிய காலையில் கோகிலாவும் வழியனுப்பப் போனாள். பிரதாப் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“நான் அங்க ஜெஸ்லினைப் பத்திச் சொல்றேன். தண்ணிப் பிரச்சனை எல்லாம் சொல்றேன். கவலைப்படாதே.”

அவன் கண் கலங்கியிருந்தது. சொன்னதைச் செய்யத்தான் நினைத்திருப்பான்.

சில நாளில் படங்கள் வந்தன. நகர மன்றத்தில் வட்டமான மேசை, வரிசையாகத் தண்ணீர்க் குவளைகள், சிரித்த முகங்கள். வெளியே எங்கும் பனி. கோகிலா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பிரதாப்புக்குச் செய்தி அனுப்பினாள்.

‘சொன்னியா?’

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. ‘நேரம் குடுக்கலை. நம்ம ஊர்ச் சாப்பாடு, திருவிழா பத்தித்தான் கேட்டாங்க.’

அன்று சாயங்காலம் அவள் ஜெஸ்லினைத் தேடிப் போனாள். இத்தனை நாள் முகத்தைப் பார்க்கக் கூசியவளுக்கு இப்போது கூச்சம் இல்லை. சொல்லப்போனால், ஜெஸ்லின் தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. ஜெஸ்லின் குடத்தை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். கோகிலா எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சு, ரைட்டர், திறந்த வாசல், தான் பெயர் சொன்னது, பிரதாப் அனுப்பிய பதில்.

குடம் நிறைந்த பிறகுதான் ஜெஸ்லின் நிமிர்ந்தாள்.

“யாருட்டி உன்னைப் பேர் சொல்லச் சொன்னது?”

கோகிலா ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

“நீ போயிருந்தா அங்க நின்னு எங்க தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருப்பே. நீ பேசுவேன்னு எனக்குத் தெரியும். நான் அதைத்தான் நம்பிட்டு இருந்தேன். இப்ப நீயும் போகலை, நானும் போகலை. பிரதாப் திருவிழாவைப் பத்திப் பேசிட்டு வருவான்.”

“உனக்காகத்தான் ஜெஸ்லின்...”

“எனக்காகவா? நீ நிம்மதியாத் தூங்கறதுக்காகவா?”

பின்னால் நின்ற பெண் குடத்தை நகர்த்தச் சொன்னாள். ஜெஸ்லின் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“எனக்கு வேலை இருக்கு. வியாழக்கிழமை கோர்ட்டு. எங்க தெருப் பொம்பளைங்க அத்தனை பேரையும் கூட்டிட்டுப் போகணும். அவங்க கோர்ட்டு வாசலையே மிதிச்சதில்லை.”

அவள் நடந்தாள். குடத்திலிருந்து தளும்பிய தண்ணீர் மணலில் விழுந்தவுடன் காணாமல் போயிற்று.

மறுநாள் கோகிலா துறை அறைக்குப் போனாள். நசீமா மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“ஜெஸ்லின் என்னைத் திட்டிட்டா மேடம்.”

“என்ன சொன்னா?”

கோகிலா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

“சரியாத்தானே சொல்லியிருக்கா,” என்றார் மேடம்.

கோகிலாவுக்கு அழுகை முட்டியது.

“அப்ப நான் பேர் சொன்னது தப்பா? தப்புன்னா நீங்க அன்னிக்கே தடுத்திருக்கலாமே. ஒரு பார்வை பாத்திருந்தாக்கூடப் போதுமே. எனக்குப் பயணமும் போச்சு, அவளும் போயிட்டா. நான் என்னதான் செஞ்சிருக்கணும் மேடம்?”

மேடம் எழுதி முடித்தார். மை காயட்டும் என்று தாளைக் கொஞ்ச நேரம் விசிறினார். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“நாளைக்கு மறுபடி ஸ்டேஷனுக்குப் போறேன். அந்த இன்ஸ்பெக்டர் இருப்பாராம்.”

“இனிமே எதுக்கு மேடம்? அவங்கல்லாம் அங்க போய்ச் சேர்ந்தாச்சு. பயணம்தான் முடிஞ்சுபோச்சே.”

“பயணம் முடிஞ்சுது,” என்றார் மேடம். “கேஸ் முடியலையே.”

வெளியே வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

கோகிலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை மணிக்கு மேடம்?”