இடிமுழக்கனும் தூளிப் பகைவனும்

முன்னொரு காலத்தில், எல்லைச் சண்டைகூட இல்லாமல் வாளெல்லாம் உறையிலேயே துருப்பிடித்துக் கிடந்த ஒரு நாட்டில், சித்திரகேது என்று ஒரு ராஜா இருந்தார். சண்டை இல்லாத குறையை அவர் கதையாட்டத்தில் தீர்த்துக்கொண்டார். அவை விகடன் மருதவாணன் கதை சொல்லுவான். காடு, குகை, அரக்கன் எல்லாம் அவன் பொறுப்பு. கதைக்குள் திரியும் வீரன் மட்டும் ராஜாவின் ஆள். வீரன் என்ன செய்கிறான் என்று ராஜா சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவார். விழுந்த எண்ணுக்குத் தக்கபடி காரியம் பலிக்கும். ஒவ்வொரு வெற்றிக்கும் ராஜா கேட்கிற வரம் ஒன்று வீரனுக்குச் சேரும்.

பன்னிரண்டு வருஷம் இப்படி ஆடினால் என்ன ஆகும்? ராஜாவின் வீரன் இடிமுழக்கனிடம் வரங்கள் பரணில் சேரும் பாத்திரம் போலக் குவிந்துவிட்டன. ஆயிரம் யானை பலம், பறக்கும் குதிரை, அணிந்தால் ஆளை மறைக்கும் மோதிரம், சூரியனாக ஒளிவிடும் உடம்பு, கிசுகிசுத்தாலும் மூன்று ஊருக்குக் கேட்கும் குரல். போன வாரம் வந்த ஒன்பது தலை அசுரனை, ராஜா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் இடிமுழக்கன் தீர்த்துக்கட்டிவிட்டான்.

ராஜா கொட்டாவி விட்டார். "மருதவாணரே, ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. என் வீரன் திணற வேண்டும். நாளைக்கு அப்படி ஒரு கதை கொண்டுவாரும்."

இதற்காகவே காத்திருந்தவர் போலப் பிரதானி கங்காதரர் எழுந்தார். அவர் கொண்டுவரும் ஓலைகளுக்குத் தலையாட்டாத ராஜா, விகடனின் கதைக்கு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவது அவருக்குப் பல நாளாக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, காரம் போதவில்லை என்றால் இன்னொரு பிடி மிளகாயை அள்ளிப் போடுவது போல, நாளைக்கு இவர் பத்துத் தலை அசுரனைக் கொண்டுவருவார். அதில் என்ன சாமர்த்தியம்? வருகிற பகைவனுக்கு ஆயுதம் இருக்கக் கூடாது, வரம் இருக்கக் கூடாது, படையும் இருக்கக் கூடாது. தங்கள் வீரனின் வரங்களில் ஒன்றையும் இவர் பறிக்கக் கூடாது. வீரனுக்கு ஒரு கீறல் விழக் கூடாது. ஆனாலும் அந்திமுரசு கொட்டுவதற்குள் தாங்கள் ஜெயிக்கவும் கூடாது. ஜெயித்துவிட்டால் விகடனார் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மருதவாணன் வீட்டுக்கு வந்து உச்சிவேளைச் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். கட்டிய வீடு, நட்ட முருங்கை, பழகிய தெரு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கே போவது? பயமாகத்தான் இருந்தது. அவன் மனைவி அஞ்சுகம் தூளியில் கத்திய குழந்தையைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"கொஞ்சம் தூங்க வைங்க. நானும் காலையிலேர்ந்து பார்க்கிறேன், இது ஆளை அசரவே விடமாட்டேங்குது. உங்க ராஜா வந்தாலும் இதுகிட்ட நடக்காது."

மருதவாணன் குழந்தையைப் பார்த்தான். பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

மறுநாள் பிற்பகல் அவை நிறைந்திருந்தது. மருதவாணன் கதையைத் தொடங்கினான். "காட்டோரம் ஒரு குடிசை. ஒருத்தி குடத்தோடு வாசலில் நிற்கிறாள். 'அண்ணே, தண்ணி ரொம்ப தூரம். புள்ளையைத் தூங்க வச்சுட்டுப் போறீங்களா?' என்று கேட்கிறாள்."

"இதென்ன பெரிய காரியம், வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்" என்றார் ராஜா. "அவள் போகட்டும். பகைவன் எங்கே?"

"தூளியில் இருக்கிறான், மகாராஜா. வயது ஏழு மாதம். இன்னும் தூங்கவில்லை."

பிரதானி துள்ளி எழுந்தார். "இது பரிகாசம். குழந்தை எப்படிப் பகைவன் ஆகும்?"

"ஆயுதம் இல்லை, வரம் இல்லை, படை இல்லை. தாங்கள் சொன்ன அளவுக்குத் தைத்த சட்டைதானே, பிரதானியாரே?"

ராஜா சிரித்துக்கொண்டே கட்டையை உருட்டினார். ஆகப் பெரிய எண்ணான பன்னிரண்டு விழுந்தது. "'தூங்கு கண்ணே' என்கிறான் என் வீரன்."

"பன்னிரண்டு. சொன்னது அட்சரசுத்தமாகக் கேட்டது, மூன்று ஊருக்கும். குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்து ஊர் எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன."

"சரி, பேசவில்லை. தூளியை மெல்ல ஆட்டுகிறான்." மறுபடியும் பன்னிரண்டு.

"ஆயிரம் யானையின் மெல்ல, மகாராஜா. தூளி உத்தரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வந்தது. குழந்தைக்கு அது பிடித்துவிட்டது. இன்னொரு தரம் கேட்கிறது."

குடிசையை இருட்டாக்கலாம் என்றால் இடிமுழக்கன் உடம்பே பகலாக எரிந்தது. மோதிரத்தைப் போட்டு மறைந்தால், ஆளைக் காணோமே என்று குழந்தை தேம்பியது. பறக்கும் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று வந்ததில், இருந்த கொஞ்சம் தூக்கமும் கலைந்தது. ஐந்து பிள்ளை பெற்ற சேனாபதி, "தோளில் போட்டுத் தட்டுங்கள், ஆனால் ஆயிரம் யானை பலம் ஆயிற்றே" என்று தானே நிறுத்திக்கொண்டார். ராஜாவின் நெற்றியில் வேர்வை. கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ராஜா வெகுநேரம் கட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மருதவாணரே, வரங்களை நீர்தானே பறிக்கக் கூடாது. நானே இறக்கி வைத்தால்?"

"அது தங்கள் இஷ்டம். ஆனால் ஒரு முறை இறக்கிய வரம் திரும்ப வராது."

ராஜா யோசித்தார். பன்னிரண்டு வருஷம் ஆடிச் சேர்த்ததில் அந்தக் குரல் வரம்தான் அவருக்கு ரொம்பப் பிரியம். கடைசியில் பலத்தை இறக்கினார், ஒளியை இறக்கினார், மனசில்லாமல் குரலையும் இறக்கினார். "இனி என்ன உருட்ட வேண்டும்?"

"உருட்ட வேண்டாம். பாடுங்கள்."

ராஜா பாடினார். வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டு, இல்லாத தூளியைக் கையால் ஆட்டிக்கொண்டே பாடினார். ராகம் அங்கங்கே இடறியது. ஆனாலும் சபையில் ஒருவர்கூட இருமவில்லை. சேனாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருதவாணன் தாழ்ந்த குரலில் சொன்னான். "கண் செருகுகிறது. விரல் சூப்புகிறது. தூங்கிவிட்டது. கையைத் தூளியிலிருந்து எடுத்து, அரவமில்லாமல் வாசலைத் தாண்டினால் வெற்றி தங்களுக்கே."

பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ராஜா அப்படிப் பாடியபின் தூங்காத குழந்தை உண்டா? வெளியே முரசு இன்னும் கொட்டவில்லை. நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான் என்று அவன் மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினான். ராஜா நுனிக்காலில் எழுந்தார்.

பிரதானிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "தூங்கிவிட்டது! முரசுக்கு முன்னால் தூங்கிவிட்டது! விகடன் தோற்றான்!" என்று தூண் அதிரக் கத்தினார்.

"உஸ்ஸ்" என்றது சபை முழுவதும், ஒரே மூச்சில்.

மருதவாணன் தலையைச் சொறிந்தான். "விழித்துக்கொண்டது, மகாராஜா."

அந்த நிமிஷம் அந்திமுரசு கொட்டியது.

ராஜாவின் முகம் சிவந்தது. பிரதானியை அவர் பார்த்த பார்வையில் சேனாபதி இரண்டடி தள்ளி நின்றார். "பாடுபட்டுத் தூங்க வைத்த குழந்தையை எழுப்பிவிட்டீரே ஐயா. எழுப்பியவர்தான் தூங்க வைக்க வேண்டும். பாடும்."

வேறு வழியில்லாமல் பிரதானி கங்காதரர் நடுச்சபையில் நின்று, வெறும் காற்றைத் தூளியாக ஆட்டிக்கொண்டு, ஆராரோ பாடினார். நாலாவது அடியில் அவருக்கே அது பிடித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உத்தரீயத்தை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். முத்தோடு முத்து உரசிச் சத்தம் வராமல் அதை உள்ளங்கையில் பொத்தி எடுத்துவந்து மருதவாணன் கழுத்தில் போட்டார்.

"நாளைக்கும் நீர்தான் கதை சொல்ல வேண்டும்" என்று அவன் காதில் கிசுகிசுத்தார். "இப்போது எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லும்."