ஜமீன்தாரின் ஆறிய சோறு

வேலங்குறிச்சி ஜமீன்தாருக்கு விஷ பயம். சமைத்ததைக் காவல்காரன் தின்று, ஒரு மணி நேரம் உயிரோடு நின்று காட்டிய பிறகுதான் தொடுவார். அதற்குள் சோறு ஆறி அவலாகிவிடும்.

"நாளைக்கு இலையில ஆவி பறக்கணும். விஷ பயமும் இருக்கக் கூடாது. முடியலைன்னா மூட்டையைக் கட்டு!" என்று சமையல்காரி சிகப்பாயி மேல் பாய்ந்தார்.

மறுநாள் சிகப்பாயி இரண்டு இலை போட்டாள். கொதிக்கிற பானையிலிருந்து இரண்டிலும் பரிமாறிவிட்டு, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய்! என் முன்னாலயே உட்கார்றியா?"

"விஷம் வைக்கிறவ அதையே தன் இலையிலயும் போட்டுக்குவாளா, எஜமான்?" என்று ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆவி மூக்கில் ஏறியது. அவசரமாக அள்ளித் தின்ற ஜமீன்தார், பல வருஷம் கழித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் போடு, தாயி!"

"இருங்க எஜமான், சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்ல."