பெருச்சாளி போட்ட ஓய்வுக் கணக்கு

ஒரு காட்டில், ஆடி மாதத்து முதல் மழை விட்ட மாலையில், வழுக்குப் பாறையின் அடியில் கூடியவர்கள் இவர்கள்: பெருச்சாளி, முள்ளம்பன்றி, மயில், மந்தி, ஆண் மைனா, பெண் மைனா. ஆக ஆறு பேர். ஆமையும் புறப்பட்டது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆகையால் அதைச் சேர்க்கவில்லை.

கூட்டத்தைக் கூட்டியது பெருச்சாளி. வாதுமைக் கொட்டை உடைத்துக் கொடுப்பது அதன் தொழில். வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டு மரத்தடியில் போடும் கொட்டைகள் கல்லைப் போல இருக்கும். மயிலின் அலகும் மைனாவின் அலகும் அதில் செல்லாது. மந்தி கல்லால் அடித்தாலோ பருப்பும் சேர்ந்து கூழாகிவிடும். பெருச்சாளி மட்டும் முன்பல்லை ஓரத்தில் வைத்து, சுற்றிவரக் கடித்து, பருப்பை முழுசாக எடுத்துக் கொடுக்கும்.

நாலு கொட்டைக்கு ஓர் உலர்ந்த இலுப்பைப் பூ கூலி. பூ மெத்தென்று இருக்கும், இனிக்கும், வருஷக்கணக்கில் கெடாது. கூலி வாங்காமல் ஒரு கொட்டையையும் கடித்ததில்லை என்பதில் பெருச்சாளிக்குப் பெருமை.

எல்லாரும் உட்கார்ந்ததும் அது சொன்னது: "நாளை முதல் நான் கொட்டை உடைக்கப் போவதில்லை."

"ஏன் அண்ணே, பல் வலியா?" என்று கேட்டது மயில்.

"பல் நன்றாக இருக்கிறது. குவியலும் நன்றாக இருக்கிறது. போதும் என்று தோன்றுகிறது."

பிறகு ஈர மண்ணில் நகத்தால் கீறிக் கணக்கை விளக்கியது. நாளுக்கு நாலு பூ தின்றால் அதன் வயிறு நிறையும். இன்னும் மூன்று வருஷம் உயிரோடு இருக்கலாம். அதற்குமேல் அதன் குலத்தில் யாரும் இருந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று எண்பது பூ. வளையில் இருப்பது நாலாயிரத்து ஐந்நூறு. மிச்சம் நூற்று இருபது விருந்தாளிகளுக்கு.

"விருந்தாளிகளுக்கு நூற்று இருபதா!" என்றது பெண் மைனா. "உங்கள் வளையில் இதுவரை யாராவது கை நனைத்தது உண்டா, அண்ணா?"

"இனிமேல் வரலாம்" என்றது பெருச்சாளி.

அதன்பின் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டால் உடம்பு பாரமாகிவிடும் என்றது மயில். வளைக்குள் வெள்ளம் புகலாம், பூவில் பூஞ்சை பிடிக்கலாம், எதற்கும் இன்னும் ஒரு வருஷம் உடைத்துவிட்டு யோசிக்கலாம் என்றது மந்தி. சும்மா இருப்பவனைக் காட்டில் யாரும் மதிப்பதில்லை என்றன மைனாக்கள் இரண்டும், ஒன்று விட்ட இடத்திலிருந்து மற்றொன்று தொடங்கி.

பெருச்சாளி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியது. ஆனால் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டது. மந்திக்கு நாளுக்குப் பன்னிரண்டு கொட்டை, மயிலுக்கு எட்டு, மைனாக்களுக்கு நாலு. அவரவர் கவலை அவரவர் வயிற்றளவு இருந்தது.

முள்ளம்பன்றி கடைசியில் பேசியது. கிழங்கு தோண்டும் தொழிலை அது இரண்டு வருஷத்துக்கு முன்பே விட்டிருந்தது.

"விட்டுவிடு தம்பி. போதும் என்று பட்டால் போதும்தான். நான் விடவில்லையா?"

மந்தி அதை முறைத்துப் பார்த்தது.

"ஆனால் பொழுதெல்லாம் என்ன செய்வாய்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"ஒன்றும் செய்யமாட்டேன். அதற்குத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன்."

"மற்றவர்களுக்கு அது சரி. உனக்கும் எனக்கும் சரிப்படாது. நம் பல் சாகும்வரை வளர்கிற பல். இதுவரை கொட்டை அதைத் தேய்த்துக்கொண்டு வந்தது. நான் தினமும் பொழுது சாயும் நேரத்தில் மான் உதிர்த்த கொம்பைக் கொஞ்ச நேரம் கடிக்கிறேன். நீயும் ஒன்று வைத்துக்கொள்."

"கொம்புக்குள் தின்ன என்ன இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை."

"கடித்தால் யார் கூலி தருவார்கள்?"

"யாரும் தரமாட்டார்கள்."

மயிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெருச்சாளி சிரிக்கவில்லை. அதற்கு வருத்தமாக இருந்தது. "கூலிக்குச் செய்ததையே விடுகிறேன். கூலி இல்லாமல் அதையே செய்யச் சொல்கிறாயே" என்றது.

ஆக, தன்னை மறுபடியும் கடிக்கவைக்கப் பார்ப்பவர்கள் நாலு பேர் அல்ல, ஐந்து பேர் என்று எண்ணிக்கொண்டது. முள்ளம்பன்றி ஒரு நாளும் உடைக்கக் கொட்டை கொண்டுவந்ததில்லை. அது பெருச்சாளியின் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் முதல் அது தொழிலை விட்டது.

தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. வெயில் வளைவாயைத் தொடும்வரை தூங்கியது. மழை பெய்தால் உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் கொட்டையோடு வந்து வாசலில் நின்று கூப்பிடவில்லை. நாலு பூவைத் தின்றுவிட்டு, மிச்சத்தை எண்ணிவிட்டுப் படுத்தது.

சில நாளில் எண்ணுவதே அதன் பொழுதுபோக்கு ஆயிற்று. பெரிய பூவை ஒரு பக்கமும் சிறிய பூவை ஒரு பக்கமும் பிரித்து எண்ணியது. பிறகு ஒன்றாகக் கலந்து எண்ணியது. எப்படி எண்ணினாலும் கணக்குச் சரியாக வந்தது. விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கிய நூற்று இருபதும் அப்படியே இருந்தன. கொட்டைக்காக வந்தவர்கள் கொட்டை இல்லாதபோது ஏன் வருகிறார்கள்?

முள்ளம்பன்றி மட்டும் ஒரு மாலையில் வந்தது. வாயில் கவ்விவந்த மான்கொம்புத் துண்டை வாசலில் போட்டு, பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. நன்றாக இருக்கிறது என்று பெருச்சாளி சொன்னது. முள்ளம்பன்றி போனதும் கொம்பை உள்ளே இழுத்து, பூக்கள் உருண்டுவிடாதபடி குவியலுக்கு முட்டுக் கொடுத்தது. கொம்பு அதற்கு நன்றாகப் பொருந்தியது.

ஆவணி முடியும் தறுவாயில் பூ வாயிலிருந்து நழுவத் தொடங்கியது. பூ காய்ந்துவிட்டது என்று பெருச்சாளி நினைத்தது. பனியில் நனைத்துத் தின்றது. அப்போதும் நாலு பூவைத் தின்று முடிக்க அரைப் பகல் ஆயிற்று. இப்படிச் சாவகாசமாகத் தின்பதும் ஓய்வின் சுகம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டது.

புரட்டாசியில் கீழ்ப்பல் மேலே வளைந்து மூக்கைத் தொட்டது. மேல்பல் உள்ளே வளைந்து அண்ணத்தைக் குத்தியது. பூவைக் கவ்வ முடியவில்லை. முன்காலால் பிய்த்து நாக்கில் வைத்து நாளுக்கு ஒரு பூவை விழுங்கியது. அப்புறம் அதுவும் இறங்கவில்லை.

அப்போதுதான் முட்டுக் கொடுத்த கொம்பை உருவிக் கடிக்கப் பார்த்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கொம்பு அவற்றின் நடுவே வழுக்கிக் கீழே விழுந்தது.

மெல்ல நடந்து முள்ளம்பன்றியின் குகைக்குப் போயிற்று. முள்ளம்பன்றி அதன் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது.

"அண்ணே, இதை நீ கடித்து எடுத்துவிட முடியாதா?" என்று பெருச்சாளி குழறியது. "கூலி தருகிறேன். எத்தனை பூ வேண்டுமானாலும் எடுத்துக்கொள்."

முள்ளம்பன்றி அதையும் முயன்று பார்த்தது. அதன் வாய் பெரியது, பெருச்சாளியின் வாய் சிறியது. உள்ளே பல் எட்டவில்லை. எட்டிய இடத்தில் உதடுதான் கிழிந்தது.

"முடியவில்லை தம்பி" என்றது. "இது அவரவர் பல்லை அவரவரே தேய்க்க வேண்டிய காரியம். இதைக் கூலிக்கு விட முடியாது."

பெருச்சாளி வளைக்குத் திரும்பியது. குவியலின் பக்கத்தில் படுத்தது. அன்றும் எண்ணத் தொடங்கி, முந்நூறுக்கு மேல் தொடர முடியாமல் விட்டுவிட்டது.

ஐப்பசி மழை பிடித்தபோது அது உயிரோடு இல்லை.

செய்தி கேட்டு மயில், மந்தி, மைனாக்கள், முள்ளம்பன்றி எல்லாரும் வளைக்கு வந்தார்கள். நல்ல தொழிலாளி என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பூக்களைப் பங்கு போடும் பேச்சு எழுந்தது. முள்ளம்பன்றி தனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. பெண் மைனா சந்தேகப்பட்டதால் மந்தி இரண்டு தடவை எண்ணியது. இரண்டு தடவையும் ஒரே கணக்குத்தான் வந்தது. மிச்சம் நாலாயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்று பூக்கள்.

நீதி: ஓய்வுக்கென்று சேர்த்ததை எண்ணினால் மட்டும் போதாது, ஓய்வில் செய்யப்போவதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.