வாய் மூடாத பானை

ஏன்டி குட்டி, வாய இறுக்கி மூடிக்கிட்டு சுவத்தப் பாத்துப் படுத்திருக்க? பள்ளிக்கூடத்துல யாரும் ஏதும் சொன்னாங்களா? சரி, சொல்ல வேண்டாம். கதைக்கு 'ம்' மட்டும் கொட்டு. அதுவும் முடியாதா? சுவரு கொட்டட்டும்.

ஒரு ஊர்ல ஒரு பூவாயி. பானை செய்யறவ. சக்கரத்தப் பொம்பளைங்க தொடக்கூடாதுன்னு அந்த ஊர்ல சொல்லி வச்சிருந்தாங்க. நீங்களே வச்சுக்கங்கடா உங்க சக்கரத்தன்னு அவ கையாலயே செஞ்சா. மண்ண மிதிப்பா, சதக் சதக். பாம்பு மாதிரி உருட்டிச் சுத்திச் சுத்தி அடுக்குவா. தண்ணி தொட்டுத் தடவுவா. அப்புறம் மூக்கு கிள்ளி, காது ஒட்டி, புளியங்கொட்டைய அமுக்கிக் கண்ணு வைப்பா. அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி, இப்ப நீ வச்சிருக்கியே, அந்த உம்முனு இருக்கற மூஞ்சி, எல்லாம் உண்டு. ம்?

அப்போ, தாண்டவராயன்னு பெரிய வீட்டுக்காரரு ஒருத்தரு ஏரிக்கரைய முள்ளு வச்சு அடைச்சு, உள்ள வெண்டைக்கா போட்டுட்டாரு. ஊருக்கே பொதுவான கரை. பூவாயிக்கு அங்கதான் மண்ணு. மண்ணு இல்லன்னா பானை இல்ல, பானை இல்லன்னா கஞ்சி இல்ல. நேரா போயி கேட்டா.

"முள்ள எப்ப எடுப்பீங்க?"

"எடுக்கலாம். என் புது வீட்டு மாடிக்கு, கண்ணு படாம இருக்க ஒரு மூஞ்சி செஞ்சு குடு. தலை மாதிரி உருண்டையா, வாய் மூடி இருக்கணும். என் வீட்டு மூஞ்சி ஊரப் பாத்து வாயத் தொறக்கப்பிடாது."

"காத்து போக வழியில்லாம மூடினா சூளையில வெடிச்சிரும்ங்க."

"உனக்கு வாய் ஜாஸ்தி. சொன்னதச் செய்யி."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டுது. வீட்டுல மூணு பானைக்குத்தான் மண்ணு மிச்சம்.

மொதப் பானைக்கு வாய மூடி, காதுக்குப் பின்னாடி முள்ளால குட்டியா ஒரு ஓட்டை போட்டா. நல்லா வெந்துது. தாண்டவராயன் தடவித் தடவி ஓட்டையக் கண்டுபிடிச்சாரு. "எனக்கே ஓட்டைப் பானையா?" தரையில விட்டாரு. சில்லு சில்லாப் போச்சு.

அப்புறம் ரெண்டாவது. பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டையே இல்லாம மூடினா. சூளையில வச்சா. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் டமார். முன்னாடியே செஞ்சு கூட வேக வச்சிருந்த கஞ்சிச் சட்டி பன்னெண்டும் சேந்து போச்சு. பூவாயி அழல. "வெடிக்கும்னு தெரிஞ்சே மூடினேனே"ன்னு தன் மேலயே கோவப்பட்டா. ம்?

அடுத்து மூணாவது. மிச்சம் இருந்த மண்ணு பூரா போட்டுப் பெருசா செஞ்சா. புருவத்த நெரிச்சு வச்சா. மூக்க விடைக்க வச்சா. வாய்க்கு நேரா முஷ்டியால குத்தினா, பொதக். பல்லு வச்சா, நாக்கு வச்சா. காவியும் சுண்ணாம்பும் பூசினா. வெந்து வந்ததத் தட்டிப் பாத்தா, டங்குன்னு சத்தம். அதத் தாண்டவராயனுக்குக் குடுக்கல. முள்ளு வேலிக்கு முன்னாடி ஒரு கம்பத்த நட்டு, அவரு வீட்டப் பாக்க உக்கார வச்சா.

மத்தியானம் ஏரிக்காத்து கிளம்புச்சு. பானை வாயில பூந்து, ஊஊஊஊ. நிறுத்தவே இல்ல. பொம்பளைங்க எல்லாம் வந்துட்டாங்க.

"என்னடி பூவாயி சொல்லுது உன் பானை?"

"முள்ள எடுன்னு சொல்லுது."

ஒருத்தி சிரிச்சா. இன்னொருத்தி சிரிக்காம போயி ஒரு முள்ளுக் கிளையப் பிடிச்சு இழுத்தா, சரக். அப்புறம் எல்லாருமே இழுத்தாங்க. சரக், சரக்.

மத்தியானத் தூக்கம் கெட்டு தாண்டவராயன் ஓடி வந்தாரு, வேட்டியப் பிடிச்சுக்கிட்டு. "அது வாய மூடு தாயி."

"மூடினா வெடிக்கும்னு மொதல்லயே சொன்னேங்க."

கடைசிக் கிளைய அவரே எடுத்தாரு. கையில முள்ளு குத்தி ரத்தம் வந்துது. பூவாயி கூடைய எடுத்துக்கிட்டு மண்ணு வெட்டப் போயிட்டா. பானைய அங்கயே விட்டுட்டா, இன்னொருத்தன் முள்ளு வைக்க வந்தா கத்தட்டும்னு.

கதை வெந்துருச்சு, சூளை ஆறிருச்சு, கண்ண மூடு.

"அம்மா."

ம்?

"வாசல்ல காய வச்சிருந்தேன்ல, மூஞ்சி வச்ச சட்டி. அத நீ மண்ணாங்கட்டின்னு குப்பையோட கூட்டித் தள்ளிட்ட."

ஐயோ. நானா?

"நீதான். போயி எடுத்துட்டு வா."