கீழ்க்கிளை மருமகள்

கண்மாய் நடுவில் ஒரு கருவேல மரம். மரம் முழுக்க நாரைகள். அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிட்டவளுக்கு மேல்கிளை, முதல் மீன். முட்டையிடாத மருமகளுக்குக் கீழ்க்கிளை. மிஞ்சினால் தவளை, மிஞ்சாவிட்டால் பட்டினி.

பூவாத்தா என்ற நாரை அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தது. கீழ்க்கிளையில் உட்கார்ந்தது. மேலே இருப்பவர்களின் எச்சமெல்லாம் அதன் தலையில்தான் விழுந்தது.

பூவாத்தாவுக்குக் கண்மாய் பார்க்கத் தெரியும். தண்ணீர் மதகைத் தொட்டால்தான் மீன் பெருகும். மீன் பெருகினால்தான் குஞ்சு பிழைக்கும்.

"அத்தை, இன்னும் சேறாத்தானே கிடக்கு. தண்ணி மதகைத் தொடட்டும், அப்புறம் முட்டை வைக்கலாமே" என்றது.

மாமியார் நாரை அலகைத் தீட்டிக்கொண்டே சொன்னது: "முட்டை போடாதவளுக்குக் கண்மாய்ப் பேச்சு எதுக்கு?"

மேல்கிளைகளில் சிரிப்பு.

புருஷன் நாரையிடம் போனது பூவாத்தா. "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்."

"சொன்னாக் கேக்குற ஆளா எங்கம்மா? சீக்கிரம் முட்டையைப் போட்டுடு. மேலே போயிட்டா அப்புறம் நீ வச்சதுதான் சட்டம்."

பக்கத்து மரத்துக்கு அன்னக்கொடி என்ற நாரை அப்போதுதான் மருமகளாக வந்திருந்தது. அங்கே வந்த அன்றைக்கே மேல்கிளை. "எப்ப வச்சுக்கலாம், நீயே சொல்லு தாயி" என்று அதன் மாமியார் கேட்டது.

"மதகைத் தொடட்டும் அத்தை."

"சரி, அப்படியே ஆகட்டும்."

பூவாத்தா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 'அவளுக்குப் பொறுக்க இடம் இருக்கு. நான் பொறுத்தா வயிறு காயும்' என்று நினைத்தது. முட்டையிட்டது.

அன்றைக்கே மேல்கிளை கிடைத்தது. முதல் மீனும் வந்தது. "என் மருமகளைப் போல உண்டா!" என்று மாமியார் மரம் முழுக்கச் சொல்லித் திரிந்தது.

குஞ்சுகள் பொரிந்தன. கண்மாயோ சேறாகவே கிடந்தது. புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிப் பறந்து தேடினார்கள். ஒரு வாய்க்குக்கூட மீன் தேறவில்லை. கூட்டில் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியில் கூடு மட்டும் இருந்தது.

அப்புறம் மழை கொட்டியது. தண்ணீர் மதகைத் தொட்டது. அதன் பிறகே அன்னக்கொடி முட்டையிட்டது; அதன் குஞ்சுகள் பக்கத்து மரத்தில் மீனுக்குச் சண்டை போட்டன.

"கண்மாய் பார்க்கத் தெரிஞ்சவதானே நீ? ஏன் அவசரப்பட்டே?" என்று மாமியார் கேட்டது.

"சொன்னேனே அத்தை. கீழ்க்கிளையில இருந்து சொன்னா மேலே கேக்காது போல."



மறு வருஷம் இளைய மருமகள் வந்தது. வழக்கப்படி கீழ்க்கிளைக்குப் போனது. பூவாத்தா மேலிருந்து இறங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நீங்க முட்டையிட்டவங்களாச்சே அக்கா, இங்க ஏன் வந்தீங்க?"

"நீ மேலே வர்ற வரைக்கும் எனக்கும் இதுதான் இடம்."

மாமியார் மேலிருந்து பார்த்தது. எச்சம் வெளுத்துக் கிடந்த அந்தக் கிளையில் அதுவும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்ததுதான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"ரெண்டு பேரும் மேலே வாங்க. தண்ணி எவ்வளவு கிடக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மதிப்பு முதலில் கிடைத்தவள் காலம் பார்த்துப் பிள்ளை பெறுவாள். பிள்ளை பெற்றால்தான் மதிப்பு என்றால், காலம் தவறித்தான் பெறுவாள்.