தெப்பக் கயிற்றை அறுத்த கத்தி

முன்னொரு காலத்தில் ஆம்பலூர் நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மறந்துவிடுவார். அவர் மறக்கலாம், வாசல் சேவகர்கள் மறந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

ஒரு சோசியன் "ஆயுதத்தால் ஆபத்து" என்று சொல்லப் போக, நகம் சீவும் கத்திகூட அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். வழக்கம்போல அதையும் மறந்துபோனார்.

அவருக்கு ஒரே மகள், குழல்வாய்மொழி. ஏழு வயது. அரண்மனைக் குளத்தில் தெப்பம் விட்ட அன்று, இழுவைக் கயிறு காலில் சுற்றிக் குழந்தை தண்ணீருக்குள் போய்விட்டாள். ஓடக்காரன் முத்திருளன் குதித்தான். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் முடிச்சோடு போராடினான். நனைந்த முடிச்சு இறுகிக்கொண்டே போனது. அவ்வளவுதான், குழந்தை பிழைக்கவில்லை.

"ஓடக்காரன் இடுப்பில் ஒரு கத்திகூடவா இல்லை?" என்று ராஜா கதறினார்.

"அலட்சியம், மகாராஜா" என்றார் அரண்மனை அதிகாரி மழவராயர். வரும் அமாவாசைக்கு முத்திருளன் தலை போகும் என்று தீர்ப்பாயிற்று.

முத்திருளனின் மனைவி பேராச்சி, அரண்மனைக் களஞ்சியத்தின் சாவிக்காரி. ராணி உயிரோடு இருந்தபோது தன் கையாலேயே அவள் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகியிருந்தாள். மழவராயருக்கு அது அன்றிலிருந்தே கண்ணை உறுத்தியது. 'உங்கள் உத்தரவுதான் மகாராஜா காரணம்' என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஒரு தலைக்குப் பதில் இரண்டு தலை போகும். பேராச்சிக்கு அது தெரியும். அழுகையை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

குழந்தையின் பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் ராஜா முரசறையச் சொன்னார். "இனி என் அரண்மனையில் சாவிக்கொத்து வைத்திருக்கும் எல்லாரும் அதில் ஒரு சின்னக் கத்தி கோத்திருக்க வேண்டும். எப்படிப்பட்ட கத்தி என்று சரியாகப் பொறுக்கித் தருபவர் கேட்டதைத் தருவேன்."

குறித்த நாளில் மழவராயர் பல்லக்கில் வந்து இறங்கினார். மடியிலிருந்து ஒரு பொன் வளையத்தை எடுத்தார். அதில் பதினாறு உறுப்புகள், விசிறிபோல் விரிந்தன.

"கத்தி, கத்தரி, முள்வாங்கி, பல்குத்தி, காதுக்குறும்பி வாங்கி... தேங்காய்கூடத் துருவலாம், மகாராஜா! வென்றால் களஞ்சியச் சாவியை மட்டும் என்னிடம் தந்தால் போதும்."

"ஐயா, இதைக் கொத்தில் கோத்தால் அப்புறம் சாவியை எங்கே தேடுவது?" என்றாள் பேராச்சி.

சபை சிரித்தது. ராஜாவின் உதடுகூட லேசாக அசைந்தது.

"வாயாடாதே! உன் கத்தியைக் காட்டு" என்றார் மழவராயர்.

"அதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள், மகாராஜா. ஒரு அண்டாத் தண்ணீர், அதற்குள் தெப்பக் கயிறு. அறுப்பதற்கு ஒரே கை. மறு கை ஏதாவது ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்."

அண்டா வந்தது. மழவராயர் இடது கையில் ஒரு பூசணிக்காயை அணைத்துக்கொண்டு வலது கையைத் தண்ணீருக்குள் விட்டார். நகத்தால் நெம்பினார். முதலில் குறும்பி வாங்கி வந்தது. அடுத்தது பல்குத்தி. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ராஜா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் ராஜா. "பேராச்சி, உன் கத்தி எங்கே?"

"வாசலில் இருக்கிறது, மகாராஜா."

"நான்தான் கொண்டுவரச் சொன்னேனே!"

"சொன்னீர்கள். ஆனால் பழைய உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை என்று சேவகர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல்லக்கில் வருகிறவர்களின் மடியை மட்டும் யாரும் தடவிப் பார்ப்பதில்லை."

"என்ன பழைய உத்தரவு?"

ஒரு சேவகன் வாசலிலிருந்து, மழவராயரின் முத்திரை போட்ட ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தான். கூடை நிறையச் சின்னச் சின்னக் கத்திகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓலை நறுக்கு கட்டியிருந்தது. பேராச்சி தன்னுடையதைத் தொடவில்லை, வேறொன்றை எடுத்தாள். விரல் நீளம், கொம்புப் பிடி, ஒரே அலகு. பெருவிரலால் தள்ளினாலே திறந்துகொண்டது. பூசணிக்காயை அணைத்தபடி கையை நீருக்குள் விட்டாள். ஒரே இழுப்பு. கயிறு இரண்டாக மிதந்தது.

ராஜா எழுந்து வந்து கத்தியை வாங்கினார். ஓலையைத் தானே படித்தார்.

"முத்திருளன். ஓடக்காரன். தெப்பத் திருநாள், காலை."

மறுபடி படித்தார். "அன்று காலையா?"

"ஆமாம், மகாராஜா. குளத்துக்கு வரும்போதுதான் வாங்கிக்கொண்டார்கள்."

ராஜா கத்தியை மடக்கினார். பிறகு திரும்பினார். "மழவராயரே, நான் மறந்தேன். தினமும் இந்தக் கூடைக்கு முத்திரை வைக்கிற நீர் மறக்கவில்லையே. அன்றைக்கு 'அலட்சியம்' என்று சொன்னது யார்?"

மழவராயர் தலை குனிந்தார்.

"கூடையை உம் தலையில் தூக்கிக்கொள்ளும். வீடு வீடாகப் போய் அவரவர் கத்தியைக் கொடும். பல்லக்கு வேண்டாம்."

பிறகு, "நீ என்ன வேண்டுமோ கேள், பேராச்சி" என்றார்.

"என் வீட்டுக்காரர் போதும், மகாராஜா."

"கொடுத்தேன்." அவர் குரல் தேய்ந்தது. "நான் யாரிடம் போய்க் கேட்பேன், அம்மா?"

பேராச்சி கும்பிட்டுவிட்டுச் சிறையை நோக்கி நடந்தாள்.

முத்திருளன் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் நின்று கேட்டான்: "சோதனை வைத்தார்களாமே. என் கத்திதானா?"

"ஆமாம்."

"அறுத்ததா? எத்தனை இழுப்பில்?"

சபை முழுக்கப் பார்த்த காட்சி. இன்றைக்கோ நாளைக்கோ யாராவது அவனிடம் சொல்லத்தான் போகிறார்கள். ஆனாலும் பேராச்சி சொன்னாள்: "அறுக்கவே இல்லை. எவ்வளவோ இழுத்தேன். ராஜாதான் மனசிரங்கி விட்டுவிட்டார்."

"அப்படியா" என்றான். "அப்போ கத்தி இருந்திருந்தாலும்..."

"இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது."

அவன் உள்ளே போய்ப் படுத்தான். பல நாளுக்குப் பிறகு உடனே தூங்கிப்போனான். பேராச்சி உலை வைக்க அரிசி களைய உட்கார்ந்தாள். கை தண்ணீருக்குள் போனது; அங்கேயே நின்றுவிட்டது.