கரிச்சான் செய்த காற்று

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மலைக்காட்டு வாசலில் ஒரு குறுக்குக் கம்பு இருந்தது. புல் காய்ந்துகிடக்கும் மாசி, பங்குனியில் யாரையும் உள்ளே விடாது. வாட்சர் சடையன் இரண்டு விசில் அடித்தால் மட்டும் எழுந்து வழிவிடும்.

அதே காட்டில் ஒரு கரிச்சான் குருவி. யானை பிளிறினால் பிளிறுவாள். ஜீப் இருமினால் இருமுவாள். சடையனின் விசிலும் அத்துப்படி. மேலே வேங்கை மரத்தில் அவள் கூடு. கூட்டில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள்.

ஒரு பங்குனிக் காலையில் நான்கு பேர் பையும் சட்டியுமாக வந்து நின்றார்கள்.

"தீக்காலம். போர்டைப் படிங்க," என்றது கம்பு.

"சும்மா சுத்திப் பார்த்துட்டு வந்துடுறோம்ணே."

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. கிளம்புங்க."

கரிச்சானுக்கு நாக்கு அரித்தது. இலைக்குள் ஒளிந்துகொண்டு இரண்டு விசில் அடித்தாள். பிறகு சடையனின் கரகரத்த தொண்டையில், "விடுப்பா, நம்ம பசங்கதான்!"

கம்பு மடமடவென்று எழுந்தது. நால்வரும் உள்ளே போய்விட்டார்கள்.

"ஏமாந்தியா! ஏமாந்தியா!" என்று குதித்தாள் கரிச்சான்.

"அடிப்பாவி! என்னால இங்கிருந்து நகர முடியாது. நீயாவது பின்னால போ. அடுப்பு மூட்டினா, தண்ணி ஊத்தி அணைக்கிறாங்களான்னு பாரு."

"போறேன், போறேன்," என்றாள், கம்பின் கிறீச்சுக் குரலிலேயே.

இல்லை, நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

வழியெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, நால்வரும் வேங்கை மரத்தடியில் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்றுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். மூன்று கல்லுக்கு நடுவே சாம்பல். சொட்டு ஈரம் இல்லை. சுற்றிலும் இடுப்புயரக் காய்ந்த புல்.

"உள்ளே யாராவது உயிரோட இருக்கீங்களா?" என்று சாம்பலைக் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நான் வெறும் சாம்பல்," என்றது ஓர் ஈனக்குரல்.

"அப்ப சரி."

"எல்லார் மாதிரியும் பேசுற கரிச்சான் நீதானே? காத்து மட்டும் உனக்கு வராதாமே?"

"எவன் சொன்னான்?"

"காடே சொல்லுது. வாயால ஊன்னு கத்துவியாம். நிஜக் காத்துன்னா மேல படணும்ல?"

கரிச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல் பக்கத்தில் இறங்கி, இரண்டு இறக்கையையும் விரித்து விசிறினாள். "இந்தா, ஆடிக்காத்து!" இன்னும் வேகமாக, "இந்தா, புயல்!"

"அருமை! இன்னும், இன்னும்!" குரலில் இப்போது ஈனம் இல்லை.

சாம்பல் கலைந்தது. அடியில் ஒரு கங்கு சிவப்பாகக் கண் விழித்தது. அதிலிருந்து ஒரு பொறி துள்ளிப் புல்லுக்குத் தாவியது. உடனே புல்லெங்கும் படபடவென்று சிரிப்பு கிளம்பியது. நான் சொன்ன சிரிப்பு இதுதான்.

கீழே வாசலில், இறக்கிவிட ஆளில்லாமல், கம்பு இன்னும் வானத்தைப் பார்த்தே நின்றது.

மேலே கூட்டில் மூன்று குஞ்சுகளும், அம்மா ஏதோ புதுக்குரல் பழகுகிறாள் என்று நினைத்து, வாயைப் பிளந்து உற்சாகமாகக் கீச்சிட்டன.

"இல்ல கண்ணுங்களா, இது நான் இல்ல..." என்று ஆரம்பித்த கரிச்சான், தன் இறக்கையில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.